சுவருக்குள் போகும் வயர்

ரவுட்டருக்குப் பின்னால் எப்போதும் தொய்ந்து கிடக்கும் வெள்ளை வயர் அன்று விறைத்து நின்றது. ரெபேக்கா அதைப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. கணவன் பிரகாசத்தை அடக்கம் செய்து நாற்பது நாளாகிறது. அன்றிலிருந்து அவளுக்கு எதுவுமே தோன்றுவதில்லை, பசிகூட.

ஆனால் ஐந்து மணிக்குள் ஃபைலை அனுப்பாவிட்டால் வேலையும் போய்விடும். ரவுட்டரில் சிவப்பு விளக்கு. கணபதி வட்டாரத்து லேத் பட்டறைகளிலிருந்து எழும் கிறீச்சொலியும், சூடேறிய இரும்பும் எண்ணெயும் கலந்த வாடையும், இரண்டாம் மாடி ஜன்னல் வழியாக ஏறிவந்து நாலு மணி வெயிலோடு அறைக்குள் தேங்கி நின்றன. நெட் கனெக்‌ஷன் கொடுத்த ஆரிஃபை போனில் அழைத்தாள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களாக்கா?"

"மூணு தடவை பண்ணிப்போட்டேனுங்க."

"பக்கத்துத் தெருவுலதான் இருக்கறேன். கம்பத்தைப் பாக்க வாரேன். லைன்லயே இருங்க."

பட்டறைகள் டீக்கு நின்றன. திடீரென்று வந்த அந்த அமைதியில் சுவருக்குள் ஏதோ உரசியது. மேசைமேல் இருந்த ரவுட்டர் ஓர் அங்குலம் சுவர்ப்பக்கம் நகர்ந்தது. அவள் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். மறுபடி நகர்ந்தது. சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது.

"பச்சை வந்துருச்சுங்க ஆரிஃபு. சரி பண்ணிட்டீங்களா?"

அவன் பைக்கை ஸ்டாண்டு போடும் சத்தம் போனில் கேட்டது.

"நான் இன்னும் எதையும் தொடலீங்கக்கா. வயரு கம்பத்தடியில அறுந்து கெடக்குது. உங்க ஊட்டு வெளிச் செவுத்துல வெறும் ஓட்டைதானுங்க இருக்குது."

ரெபேக்கா வயரைப் பிடித்து இழுத்தாள். மறுபக்கமும் இழுத்தது. மெதுவாக. பிறகு விட்டுக்கொடுத்தது. ஒரு சாண் வயர் வெளியே வந்தது. ஈரமாக. வெதுவெதுப்பாக.

"அக்கா, ஊட்டுல வேற யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லீங்க."

"கீழ வந்துருங்கக்கா. மொதல்ல கீழ வாங்க."

போக வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் வயரை விடாமல் சுவரோரமே நின்றாள். நாற்பது நாளில் முதன்முதலாக நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. பயம்தான்.

சுவரில் வயர் போகும் துளை, பென்சில் நுழையும் அளவுதான். அதில் ஒரு விரல்நுனி. வெளுத்த நகம். பக்கத்தில் இன்னொன்று. சுவர் விரியவில்லை. சுண்ணாம்பு உதிரவில்லை. மூன்றாவது. நான்காவது.

"அக்கா? அக்கா!"

ஐந்து விரல்களும் அவள் மணிக்கட்டைச் சுற்றி, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக மடங்கின.