பல்லக்குக்கு ஒரு முகம்

தம்பியின் சட்டையில் வலது தோள் மட்டும் நைந்துபோயிருந்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்குத் தோள் எப்படித் தேயும்? துவைக்க எடுத்தவள் முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைக்கு அடியில் ஈரமண்ணும் மரத்துக்குப் பூசுகிற எண்ணெயும் வீசின.

"பஸ்ல எவனாவது இடிச்சிருப்பான், விடுக்கா" என்றான் தம்பி.

ஆனால் தோளில் காய்ப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

அவளுக்குப் பழைய படங்களைச் செப்பனிடும் வேலை. முன்னறை மேசையில் ஓர் ஓட்டல் சுவரில் மாட்டக் கொடுத்திருந்த பழைய தேசப்படம் விரிந்து கிடந்தது. வெள்ளைக்காரன் தான் பிடித்த நாட்டை அழகு பார்க்க வரைந்துகொண்டது. அவனுக்குத் தெரியாத இடமெல்லாம் யானையும் பனைமரமும். ஓரத்தில் ஒரு பல்லக்கு. உள்ளே சாய்ந்திருந்த துரையின் மீசைமுடியை எண்ணிவிடலாம். தூக்குகிற நால்வருக்கோ முகமே இல்லை.

"பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கு. முகம் போட்டுடுங்கம்மா" என்றார் ஓட்டல் மேனேஜர். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டாள். தெரிந்த முகம்தானே கைக்கு வரும்? முதலில் நிற்பவனுக்குத் தம்பியின் முகத்தைப் போட்டாள்.

அன்று அவனே பார்த்துச் சிரித்தான். "நல்லவேளை, மாமாவப் போடல. அவரு தொப்பைக்குப் பல்லக்கு கவுந்துரும்."

இன்று மழை பிடித்த சாயங்காலம், உள்ளறையில் காய்ச்சலோடு படுத்திருந்த தம்பியின் முனகலோடு, சேற்றில் பல கால்கள் ஒரே தாளத்தில் அமிழ்ந்து எழும் ஓசையும், மூங்கில் கிறீச்சிடுவதும், யாரோ சாவகாசமாகத் தொண்டையைச் செருமுவதும் கேட்டன.

"அக்கா, இறக்கச் சொல்லுக்கா. முடியல."

பூதக்கண்ணாடியை எடுத்தாள். படத்தில் முதலாமவனின் முழங்கால் மடங்கியிருந்தது. அவள் அப்படி வரையவில்லை.

பல்லக்கை அழித்துவிடலாம் என்று தேய்த்தாள். அசையவில்லை. பழைய மை, காகிதத்தோடு ஊறியது. அவள் போட்ட முகம்தான் புதுசு. அதுதான் அழியும்.

பஞ்சை நனைத்தாள். துடைத்தாள்.

கண் போயிற்று. மூக்கு. வாய்.

முனகல் நின்றது.

அப்பாடா.

திரைச்சீலை விலகியது. தம்பி வந்து நின்றான். வலது தோள் இன்னும் தாழ்ந்திருந்தது. முழங்கால் இன்னும் மடங்கியிருந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் தோல். அவள் பக்கம் திரும்பியது. வாய் இருந்த இடத்தில் அந்தத் தோல் உள்ளே போய், வெளியே வந்து, உள்ளே போனது, மூச்சுக்காக.