கடுகுச் சோதனை

ஸ்டெல்லா சிஸ்டர் எவர்சில்வர் தட்டின் மேல் ஒரு கடுகை நழுவ விட்டார். இருபதடி தள்ளி, முதுகைக் காட்டி நின்றிருந்த நோயாளி கையை உயர்த்தினார். வார்டே கைதட்டியது. அவருக்கு வீட்டுக்குப் போகும் சீட்டு எழுதப்பட்டது.

2071இல் அந்த மருத்துவமனையின் வழக்கம் அது. சாம்பல் காய்ச்சலுக்குக் கேட்கும் மருந்து உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது கிருமியைக் கொல்லும். கூடவே உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்களுக்குள் ஒரு தீயை மூட்டிவிடும். கருகிய மயிரணு திரும்ப முளைப்பதில்லை. போன தலைமுறையில் பிழைத்தவர்கள் எல்லோரும் செவிடாகித்தான் பிழைத்தார்கள்.

அந்த மருத்துவமனையின் ஆய்வக டாக்டர் மங்கையர்க்கரசி அதற்கு முடிவு கட்டினாள். அவள் கண்டுபிடித்த செவிக்கவசம் ஒரு சொட்டுக் களிம்பு. செவிப்பறைக்குப் பின்னால் வைத்துவிட்டால், வருடம் முழுக்க உள்காதில் எதிர்ஆக்சிகரணியைக் கசியவிட்டு அந்தத் தீயை அணைத்துக்கொண்டே இருக்கும். உயிரும் தப்பியது, காதும் தப்பியது. முதல் வருடமே எல்லோருடைய ரத்தமும் சுத்தமாக இருந்ததால், ரத்தப் பரிசோதனையை மூட்டைகட்டி வைத்துவிட்டார்கள். கடுகு விழும் சத்தம் கேட்டால் குணம். யாருக்குத்தான் ஊசி பிடிக்கும்?

மங்கைக்குக் கர்வம் உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை. ஆய்வகத்தில் அவளுக்கே காய்ச்சல் தொற்றியபோது சிரித்துக்கொண்டே இரண்டு காதிலும் களிம்பை வைத்துக்கொண்டாள். பிறகு அடுக்களையில் கணவர் மாசிலாமணி வாய்க்குள் முணுமுணுப்பதுகூட மாடியில் அவளுக்குக் கேட்டது.

"உப்பு கம்மின்னா நேரா சொல்லுங்க!" என்று அங்கிருந்தே கத்துவாள். அவர் பயந்து போவார்.

மூன்று மாதத்தில் காய்ச்சல் திரும்பியது. மறுபடி மருந்து, மறுபடி கடுகு, மறுபடி கைதட்டல். மூன்றாம் முறை படுத்தபோது ஸ்டெல்லா நோட்டைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்.

"டாக்டர், காய்ச்சலோட திரும்பி வந்தவங்க பதினாலு பேரு. பதினாலு பேரும் கடுகுல ஃபர்ஸ்ட் மார்க் வாங்குனவங்க. நீங்களுந்தான்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் சிஸ்டர்?"

கேட்டு முடிக்கும்போதே அவளுக்குச் சம்பந்தம் புரியத் தொடங்கியது. தன் காதிலிருந்தே ஒரு துளி உள்நீரை எடுக்கச் சொல்லி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். கிருமிகள் சௌக்கியமாக நெளிந்துகொண்டிருந்தன. மருந்து கிருமியைக் கொல்வதும் பாதிக்கு மேல் அதே தீயால்தான். அடுப்பை அணைத்துவிட்டால் பாலும் பொங்காது, பருப்பும் வேகாது. உடம்பெல்லாம் விரட்டப்பட்ட கிருமிக்கு அவளே காதுக்குள் ஒரு வீடு கட்டி, வாசலில் காவலும் போட்டிருந்தாள். கவசம் எத்தனை நன்றாக வேலை செய்ததோ, வீடு அத்தனை பத்திரம். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அழுதது பத்து நிமிடம்தான். "களிம்பைக் கரைச்சு எடுத்துருங்க. ரெண்டு காதுலயும். அப்புறம் முழு மருந்தையும் ஏத்துங்க."

"காது போயிருமே டாக்டர்!"

"போகட்டும். இன்னொரு தடவை காய்ச்சல் வந்தா நானே போயிருவேன். என்னை வெச்சே நிரூபிச்சாத்தான் மத்தவங்க நம்புவாங்க."

அன்று மாசிலாமணி கட்டிலருகே உட்கார்ந்து தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பேசினார், கல்யாணத்துக்கு முன்னால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. அவள் ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

ஆறு வாரம் கழித்து உள்நீரில் ஒரு கிருமிகூட இல்லை. ஆனாலும் வழக்கத்தைக் கைவிட ஸ்டெல்லாவுக்கு மனமில்லை. மங்கை இந்த முறை திரும்பி நிற்காமல் தட்டைப் பார்த்தே நின்றாள். கடுகு விழுந்தது, துள்ளியது, உருண்டு நின்றது.

"கேக்கல," என்றாள்.

யாரும் கைதட்டவில்லை. ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டில் 'குணம்' என்று எழுதினார்.

தாழ்வாரத்தில் பதின்மூன்று பேர் காத்திருந்தார்கள். கடுகு விழும் சத்தம் தப்பாத காதுகள். அவர்களுக்குப் பின்னால், நாடு முழுக்க, கவசம் வைத்துக்கொண்ட நான்கு கோடிப் பேர்.

"அடுத்தவங்க வாங்க," என்றாள் மங்கை, மெதுவாகத்தான் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

பதின்மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.