இருக்கிறதைத் தேடாதீங்க டீச்சர்

செசிலியா டீச்சர் மவுஸைப் படபடவென்று அழுத்தினார். திரையில் ஒரு நீலக் கோடு எறும்பைப்போல ஊர்ந்தது. மென்பொருள் இறங்கி முடிய இன்னும் ஐம்பத்திரண்டு நிமிடம் என்று அது காட்டியது.

சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தைந்து.

"அஞ்சுக்கு அங்க கடை பூட்டிப்போடுவினம். பிறகு ஊரடங்கு. அதுக்கு முதல் மகளைப் பாக்கவேணும்," என்றார் டீச்சர். 

அடுத்த கதிரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பதினொரு வயது றிஸானா பென்சிலை வைத்தாள். கண்டி நகரத்து இன்டர்நெட் கடையான இது அவளுடைய வாப்பாவின் தம்பி, சாச்சா றவூப்பினது. பள்ளிக்கூடம் விட்டால் அவளுடைய ஊரான மடவளைக்கு பஸ் வரும்வரை அவள் இங்கேதான்.

டீச்சரின் கதை அவளுக்குத் தெரியும். படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். வந்த மாதமே சண்டை மூண்டு பாதையை மூடிவிட்டார்கள். பதினான்கு மாதமாகக் கணவரும் மகளும் அங்கே, இவர் இங்கே. இன்றுதான் அங்கே ஒரு கடையில் கமரா பொருத்தியிருக்கிறார்கள். இருவரும் அதன் முன்னால் காத்திருக்கிறார்கள்.

"போன்ல பேசுங்களேன் டீச்சர். இன்டைக்கு போன் லைன் நல்லா இரிக்கி," என்றார் சாச்சா.

"போன் சரிவராது."

"குரலக் கேட்டாப் போதாதா?"

"போதாது, தம்பி."

றிஸானா எட்டிப் பார்த்தாள். "டீச்சர், என்னத்த இறக்குறீங்க?"

"முகம் பாத்துக் கதைக்கிற சொஃப்ட்வெயார், பிள்ளை. இந்தக் கொம்பியூட்டர்லை அது இல்லை."

"இல்லண்டு யாரு சொன்ன?"

டீச்சர் விழித்தார். "ஒருத்தரும் சொல்லேல்லை. திரையிலை காணேல்லை. அதான் தேடினனான்."

நீலக் கோட்டுக்குப் பின்னால் திரையில் உண்மையாகவே ஒன்றுமில்லை. சாச்சா புதிதாக வாங்கிய வெள்ளை வேனின் படம் மட்டும் பளபளவென்று நின்றது.

"சாச்சா, போன கிழமை இதுல சின்னச் சின்னப் படம் நிறைய இருந்திச்சே?"

"குப்பை மாதிரிக் கிடந்திச்சி. வேனோட மூஞ்சே தெரியல்ல. எல்லாக் கொம்பியூட்டர்லயும் அழிச்சிட்டேன்."

றிஸானாவுக்கு மடவளையில் வாப்பாவின் பலசரக்குக் கடை நினைவுக்கு வந்தது. முன் தட்டில் சீரகம் இல்லையென்றால் பாதிப் பேர் கேட்பதேயில்லை. நேரே அடுத்த கடைக்கு நடந்துவிடுவார்கள். பின்னறையில் சீரகம் மூட்டையாகக் கிடக்கும்.

"நீங்க படத்த மட்டும்தான் அழிச்சீங்க, சாச்சா. சாமான் பின்னறைல இரிக்கும்."

"கொம்பியூட்டருக்கு ஏதுடி பின்னறை?"

றிஸானா எழுந்து டீச்சரின் மவுஸைப் பிடித்தாள். திரையின் மூலையை அழுத்தினாள். நீளமாக ஒரு பட்டியல் விரிந்தது. விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே இறங்கினாள். பதினெட்டாவது வரியில் விரல் நின்றது.

"இந்தா இரிக்கி, டீச்சர்."

டீச்சர் தன் கணக்கைத் திறந்து அழைத்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மணி நாலு நாற்பத்தெட்டு.

"இன்டர்நெட் லைன் இழுக்குதில்ல. இந்தக் கிழமை பூரா இப்பிடித்தான்," என்று சாச்சா தலையைச் சொறிந்தார்.

றிஸானா அந்த நீலக் கோட்டைப் பார்த்தாள். இருக்கிறதையே மறுபடி இறக்கி லைனை அடைத்தால் அழைப்பு எப்படிப் போகும்?

"நான் இத நிப்பாட்டப் போறேன், டீச்சர்."

"ஐயோ, கால்வாசி வந்திட்டுது, பிள்ளை."

"அது நமக்குத் தேவையில்ல." நிறுத்தினாள். பிறகு கதிரையில் ஏறி நின்றாள். "வேற யாரெல்லாம் முகம் பாத்துப் பேசுறத இறக்குறீங்க?"

மற்ற நான்கு கணினிகளில் மூன்றிலிருந்து கைகள் எழுந்தன.

"எல்லாரும் நிப்பாட்டுங்க. அது உங்களுக்கிட்டயே இரிக்கி. மூலையில அழுத்திப் பாருங்க."

சாச்சா வாயைப் பிளந்தார். மூன்று மவுஸ்கள் டக் டக்கென்றன.

டீச்சரின் திரையில் சுற்றிய வட்டம் நின்றது. மணியொலித்தது. நாலு ஐம்பத்தொன்றுக்குத் திரை முழுக்க ஒரு சிறுமியின் சிரிப்பு விரிந்தது. முன் பல் இரண்டைக் காணவில்லை. பின்னால் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

சாச்சா ஓடிப்போய் ஹெட்போனைக் கொண்டுவந்து நீட்டினார்.

டீச்சர் அதை வாங்கவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தினார். விரல்கள் மடிந்தன, விரிந்தன, காற்றில் பறந்தன. அந்தப் பக்கத்தில் சிறுமியின் விரல்கள் அதைவிட வேகமாகப் பறந்தன.

"இது வேணாமா, டீச்சர்?" சாச்சா குழப்பத்தோடு கேட்டார்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே செசிலியா டீச்சர் சிரித்தார்.

"மகளுக்குப் பிறந்ததிலை இருந்து காது கேக்காது, தம்பி. நாங்கள் கையாலைதான் கதைக்கிறனாங்கள்."