முனிக்கல்லைச் சுற்றிய பச்சை

மோகனராஜின் தேயிலை செத்துக்கொண்டிருந்தது. புசல்லாவைக்கு மேலே சுற்றுவட்டாரமெல்லாம் பச்சையாக நிற்க, அவன் காணி மட்டும் துருப்பிடித்த தகரம் மாதிரிச் சிவந்து கிடந்தது.

தோட்ட நிர்வாகம் பராமரிக்கக் கொடுத்த காணி அது. கொழுந்து குறைந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளும். பக்கத்துக் காணிக்காரன் பழனியாண்டிதான் பொறாமையில் நஞ்சடித்துவிட்டான் என்று தானாகவே முடிவுகட்டிய மோகனராஜ், தேயிலைச் செடியை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியால் அவன் கையை வெட்டிவிட்டான். பழனியாண்டி கண்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கை தப்புமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. மோகனராஜ் பொலிஸ் கூண்டில்.

நஞ்சா இல்லையா என்று சொல்வதற்காகக் கண்டியிலிருந்து விவசாய அதிகாரி நிரஞ்சனியை வரவழைத்திருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு அவள் காணிக்குள் கால் வைத்ததுமே மோகனராஜின் மனைவி சுப்பம்மா ஓடி வந்தாள்.

"நஞ்சுதானே மிஸ்? நஞ்சுன்னு நீங்க எழுதிட்டா அவருக்குத் தண்டனை குறையும்னு சொல்றாங்க."

நிரஞ்சனிக்கு ஆமென்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் ஜனார்த்தனன் மருந்தடிக்கும் தாங்கி ஒன்றை நீட்டினார். "பழனியாண்டியின்ரை லயத்து வீட்டிலை எடுத்தது, மிஸ்."

அவள் குழாயின் நுனியைப் பார்த்தாள். குளவி மண் கூடு கட்டி அடைத்திருந்தது. கூடு காய்ந்து பழசாகியிருந்தது.

"இதால ஒரு சொட்டுக்கூட வெளியில வந்திருக்காது."

"வேறை ஆரிட்டையாவது தாங்கியை வாங்கியிருக்கலாமே?"

"வாங்கியிருக்கலாம். அப்ப எல்லைக் கானைப் பாருங்க. அவன் பக்கமிருந்து அடிச்சிருந்தா கான் ஓரத்துப் புல்லுதான் முதல்ல கருகணும்."

மழைநீர் வடியும் அந்தக் கானுக்கு அந்தப் பக்கம் பழனியாண்டியின் காணி. லயத்தில் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர். தேயிலைக்கு இடையிலெல்லாம் நீலப்பூக் களை முழங்கால் அளவு வளர்ந்து, ஓர் இலைகூடக் கருகாமல் நின்றது. தேயிலையும் பச்சையாகவே நின்றது.

நிரஞ்சனி சிவந்த இலை ஒன்றைப் பறித்து லென்ஸை வைத்தாள். செந்தூள் போல ஏதோ ஊர்ந்தது.

"செவ்வுண்ணி. சாறைக் குடிச்சே இலையைச் சிவக்க வைக்கும். மழையில்லாட்டிப் பெருகும். நஞ்சில்ல."

ஜனார்த்தனன் விடவில்லை. "மழையில்லாக் காலம் எல்லாருக்கும் ஒண்டுதானே மிஸ். அந்த உண்ணிக்கு இந்தக் காணியிலை மட்டும் என்ன கோவம்?"

நியாயமான கேள்வி. நிரஞ்சனி வரிசை வரிசையாக நடந்தாள். தரை கூட்டிவிட்ட வாசல் மாதிரி இருந்தது. காணியின் நடுவில் குங்குமம் பூசிய முனியாண்டிக் கல். அதைச் சுற்றி நின்ற சில செடிகள் மட்டும் பச்சை. அவற்றின் அடியில் அதே நீலப்பூக் களை.

"சாமி காத்தது அவ்வளவுதான் மிஸ்" என்றாள் சுப்பம்மா. பிறகு வெட்கப்பட்டாள். "அங்க புல்லு கெடக்குன்னு தப்பா நினைக்காதீங்க. முனி எல்லைக்குள்ள இரும்பு படக்கூடாது. அதான் விட்டுட்டேன்."

நிரஞ்சனி குனிந்து களையின் இலையைத் திருப்பி லென்ஸை வைத்தாள். வெளிறிய சின்ன உண்ணிகள் பரபரவென்று ஓடின. ஒன்று செவ்வுண்ணி ஒன்றைப் பிடித்து வைத்திருந்தது. அவள் நிமிர்ந்து சுப்பம்மாவைப் பார்த்தாள்.

"மற்ற இடத்துப் புல்லை யாரும்மா செதுக்கினது?"

"நான்தான். பொழுதுபட்டா புல்லு செதுக்குற சுரண்டியோட வந்துருவேன்."

"எப்பயிருந்து?"

"காணி கைக்கு வந்த நாள்லயிருந்து. எங்கம்மா ஒரு புல்லு விட்டதுக்கு கங்காணிகிட்ட வாங்காத ஏச்சில்ல, மிஸ். நம்ம காணியப் பாத்து ஒருத்தன் அப்படிச் சொல்லிரக்கூடாதுன்னு ஒண்ணு விடமாட்டேன். தோட்டத்துத் துரையே பாத்துட்டு, தேயிலை மலைன்னா இதுதான்னாரு."

ஜனார்த்தனன் தொப்பியைக் கழற்றினார். அவருக்குப் புரிந்துவிட்டது. சுப்பம்மாவுக்கு இன்னும் புரியவில்லை.

இனிச் சொல்லித்தான் ஆகவேண்டும். தன் வேலையை நிரஞ்சனி இவ்வளவு வெறுத்த நாள் கிடையாது.

"செவ்வுண்ணி எல்லாக் காணியிலயும் இருக்கும்மா. அதைத் தின்னுற உண்ணியும் இருக்கு. அதுக்கு வீடு இந்தக் களைதான். பூவில இருக்கிற தூளைத் தின்னுக்கிட்டு, வெயிலுக்கு அந்த நிழல்ல ஒதுங்கும். தேயிலையில செவ்வுண்ணி கூடினா ஏறிப்போய்ப் பிடிக்கும். பழனியாண்டி செதுக்கல, அவர் காணி தப்பிச்சது. இங்க இரும்பு படாத இடம் மட்டும் தப்பிச்சது."

"அப்ப..."

"யாரும் நஞ்சடிக்கலம்மா. சுரண்டிதான்."

சுப்பம்மா அழவில்லை. சிவந்த வரிசைகளைப் பார்த்தாள், பழனியாண்டியின் காட்டைப் பார்த்தாள்.

"அந்த மனுசன் கையை வெட்டினது..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. தரையைப் பார்த்து, "நல்லாத்தானே வச்சிருந்தேன் மிஸ்" என்றாள்.

காணி போய்விடும், மோகனராஜ் உள்ளேதான் இருப்பான். நிரஞ்சனி என்ன எழுதினாலும் பழனியாண்டியின் கை பழையபடி ஆகப்போவதில்லை.

சுப்பம்மாவின் கை, பழக்கத்தில் தானாகக் கீழே போனது. காலடியில் முளைத்திருந்த நீலப்பூச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கியது. பிடுங்கிய பிறகுதான் கையில் இருப்பது என்னவென்று பார்த்தாள். சட்டென்று மண்டியிட்டு, விரலால் குழி தோண்டி, அதைத் திரும்ப நட்டாள். செடி சாய்ந்தது. மண்ணை அணைத்து மறுபடி நிமிர்த்தினாள். அது மறுபடியும் சாய்ந்தது.