தனி டம்ளர்

“கீழ வைடி அதை! கீழ வைன்றேன் இல்ல!”

சின்னபொண்ணு போட்ட சத்தத்தில் பாப்பா டீயோடு டம்ளரைக் கீழே போட்டுவிட்டது. எவர்சில்வர் டம்ளர் கலகலவென்று உருண்டு போய் அம்மிக்கல்லில் இடித்து நின்றது. நாலு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும்? அம்மா குடிக்கிற டம்ளரில் நாமும் ஒரு வாய் குடித்தால் என்ன என்று நினைத்திருக்கும். ஆனால் அது வேணியின் டம்ளர். மற்றவர்கள் பாத்திரத்தோடு சேராமல், பின்வாசல் ஜன்னல் கட்டையில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கிற டம்ளர்.

“அத்தை… குழந்தையைத் திட்டாதீங்க. எனக்குத்தான் நல்லா ஆயிடுச்சே. சளி டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க…”

“டாக்டரம்மா சொல்லுவாங்க! உன் எச்சியை அவங்களா குடிக்கப் போறாங்க? இன்னாடி பேசற நீ?”

வேணியின் புருஷன் பிரான்சிஸ் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான். “விடும்மா, காலங்காத்தால…” என்றான். சீப்புக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான். ஆறு நாளும் புதுச்சேரிக் கம்பெனிக்கு ஓடி, ஏழாம் நாள் அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் ஊமையாகிவிடுகிற ஆம்பிளை.

கண்டமங்கலத்துப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்னச் சபையில் அன்று திருவிருந்து ஆராதனை, சபையார் எல்லோரும் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நாள். போதாததற்கு, சின்னபொண்ணு திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த மகள் அஸ்வினி, தன் கைக்குழந்தையை முதன்முதலாகப் பிறந்த ஊர்க் கோயிலுக்குக் கொண்டுவருகிற நாள். மாப்பிள்ளை சேரனும் அவன் அம்மா பிரபாவதியும் கூடவே வருகிறார்கள். சின்னபொண்ணுக்கு விடிந்ததிலிருந்து நிலைகொள்ளவில்லை.

“தோ பாரு வேணி. இன்னிக்கு ஒருநாள் நீ பந்திக்கு வராதே. கொரோனா வந்தப்ப ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம் குடுத்தாங்க. அப்படியே உட்டிருந்தா பேஜாரே இல்ல. சபை கூடிப் பேசி, மறுபடியும் ஒரே கிண்ணம்னு கொண்டாந்துட்டாங்க. சம்பந்தியம்மா நீ வாய் வச்ச கிண்ணத்துல வாய் வைக்கணுமா? அஸ்வினி வாழ்க்கை இன்னா ஆவறது?”

வேணி சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துணியைப் பிழிந்து வைத்துவிட்டு எழுந்தாள்.

“தனியா படுன்னீங்க, படுத்தேன். பாப்பாவைத் தொடாதேன்னீங்க… பெத்த வயிறு எரிஞ்சுது, தொடல. எதுக்கும் நான் வாய் தொறக்கல அத்தை. கர்த்தரோட பந்திக்கு மட்டும் வராதேன்னு சொல்லாதீங்க. நான் வருவேன்.”

சின்னபொண்ணு அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

மருமகளுக்கு டி.பி. என்று தெரிந்த நாளிலிருந்து இதே கூத்துதான். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். படுக்கை பின்பக்கத் தகர ஷீட் கொட்டகையில், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில். இதில் கொடுமை என்ன தெரியுமா? சின்னபொண்ணுவின் புருஷன் முத்துசாமி, இளவட்டத்தில், டீக்கடையில் காலனிக்காரர்களுக்கென்று தனியாக வைத்திருந்த கண்ணாடி டம்ளரை நடுரோட்டில் போட்டு உடைத்தவர். அதற்காக அடி வாங்கி ஒரு காது கேட்காமல் போனவர். “போனா போவுது, இன்னொண்ணு இருக்குதே” என்று சாகும்வரை சிரித்தவர். அந்தக் கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வாள் சின்னபொண்ணு. சொல்லி முடித்த கையோடு போய், மருமகளுக்கு ஜன்னல் கட்டை டம்ளரில் டீ ஊற்றுவாள்! தன் முதுகு யாருக்குத் தெரிகிறது?

அவளுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. அந்த நோய் அந்த வீட்டில் முதலில் வந்தது வேணிக்கு இல்லை. அஸ்வினிக்கு.

புதுச்சேரியில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அஸ்வினிக்கு, சேரனோடு நிச்சயமான சமயத்தில்தான் இருமல் பிடித்தது. வேணிதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். டி.பி. என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அஸ்வினி அண்ணியின் மடியில் விழுந்து அழுதாள். “அண்ணி, வெளிய தெரிஞ்சா என் கல்யாணம் நின்னுடும் அண்ணி… நான் செத்துடுவேன்…” மாத்திரைகளை வேணி தன் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். இரவில் அஸ்வினி பக்கத்திலேயே படுத்து, நெஞ்சு தடவி, வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தாள்.

ஒருநாள் மாத்திரை அட்டை சின்னபொண்ணு கையில் சிக்கியது. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி, தன் தம்பி சாப்பிட்டதைப் பார்த்தவள், வாங்கிப் பார்த்ததும் சொல்லிவிட்டாள். “அய்யய்யோ, இது டி.பி. மாத்திரை இல்லக்கா?”

“யாருக்குடி இது?”

கதவோரத்தில் அஸ்வினி பேயடித்தது போல நின்றாள். வேணி ஒரு நொடிதான் யோசித்தாள்.

“எனக்குத்தான் அத்தை.”

அவ்வளவுதான். அன்றைக்கே டம்ளர் ஜன்னல் கட்டைக்கு ஏறியது. அஸ்வினி குணமாகி, ஜாம்ஜாமென்று கல்யாணம் செய்துகொண்டு திண்டிவனம் போனாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கித்தான் அனுப்பினாள் வேணி. அதற்குப் பிறகுதான் விதி சிரித்தது. மாதக்கணக்கில் பக்கத்தில் படுத்துக் கிடந்தவளை நோய் சும்மா விடுமா? வேணி நிஜமாகவே இருமினாள், ரத்தமாக இருமினாள். வாயால் சொன்ன பொய் உடம்பில் உண்மையாகிவிட்டது. “பாத்தியா, அம்மா வீட்டுச் சீக்கு முத்திப்போச்சு” என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அந்தக் கொட்டகையில் வேணி முதலில் ஜெபம் செய்யவில்லை. சண்டைதான் போட்டாள். “நல்லதுதானே பண்ணேன் ஆண்டவரே? இதுக்கா இந்தக் கூலி? இதை எடுத்துப் போடுங்க… எடுத்துப் போடுங்க…” என்று மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். அவர் எடுக்கவில்லை. வெளியே பாப்பா “அம்மா, அம்மா” என்று தகரத்தைத் தட்டும். இவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள்.

ஒரு காலையில், குடத்தைக்கூடத் தூக்க முடியாத உடம்போடு எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றைப் புரட்டுகிற மாத்திரைகளை விழுங்கினாள். முகம் கழுவினாள். வாய் தானாக ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தபோது அவளுக்கே திக்கென்றது. நேற்று இல்லாத இந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது? நோய் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த நோயோடு அவளை எழுப்பி உட்கார வைத்த கை ஒன்று இருந்ததே! அன்றிலிருந்து அவள் ஜெபம் மாறிப்போனது. “இன்னிக்குத் தாங்கறதுக்கு மட்டும் குடுங்க ஆண்டவரே, போதும்.” கேட்ட அளவுக்குக் கொடுத்தார். ஒருநாள்கூட அவளைக் குறைத்து அனுப்பியதில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்ததுண்டு. அஸ்வினி மாசமாயிருக்கிறாள் என்ற சேதி வந்ததும் அதையும் விழுங்கிவிட்டாள்.

கோயிலில் அன்று நல்ல கூட்டம். பிரபாவதி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திண்டிவனத்தில் இட்லிக்கடை நடத்துகிறவள், சட்னியைப் போலவே பேச்சிலும் காரம் உண்டு. அஸ்வினி, அண்ணியின் கழுத்தெலும்பைப் பார்த்துக் கண் கலங்கினாள். “நல்லாதான் இருக்கேன், போ” என்று வேணி கன்னத்தில் தட்டினாள்.

குடும்பம் குடும்பமாகப் போய் முழங்கால் போடுவது அந்தச் சபை வழக்கம். இவர்கள் முறை வந்தது. பிரான்சிஸ், அடுத்து வேணி. சம்பந்திக்கும் வேணிக்கும் நடுவில் மதில் சுவரைப் போல சின்னபொண்ணு. அப்புறம் அஸ்வினி, சேரன், பிரபாவதி. போதகர் அப்பம் கொடுத்து முடித்து, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பிரான்சிஸ் குடித்தான். போதகர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்துவிட்டு வேணியிடம் வந்தார்.

“ஐயா, ஒரு நிமிஷம்…”

சின்னபொண்ணு முந்தானைக்குள் கையை விட்டாள். எடுத்தாள். ஜன்னல் கட்டை டம்ளர்! சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தாள்.

“இவளுக்கு மட்டும் இதுல ஊத்திக் குடுத்துடுங்க ஐயா. சீக்குக்காரி… நாலு பேர் நல்லா இருக்கணும் பாருங்க…”

பின்வரிசைவரை தலைகள் எழும்பின. வேணிக்குக் காதெல்லாம் கொதித்தது. இத்தனை பேர் பார்க்க, பெற்ற மகள் பார்க்க! எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தாள். ‘ஆண்டவரே, இதுக்குமேல முடியல… இப்ப குடுங்க, இப்பவே குடுங்க…’

கொடுத்தார். குரல் வந்தது, அழுகை கலக்காத குரல்.

“அதுல ஊத்தாதீங்க ஐயா. அத்தை, வீட்ல நீங்க எதுல குடுத்தாலும் குடிப்பேன். இங்க மாட்டேன். மாமா உடைச்சுப் போட்டதை நீங்க கோயிலுக்குள்ள கொண்டாந்து வைக்காதீங்க. எனக்காக சொல்லல. அவரு காது சும்மா போனதா ஆயிடக் கூடாது… அதுக்காக சொல்றேன்.”

சின்னபொண்ணுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்த வலியில்தான் கத்தினாள். “வூட்டுக்குள்ள சீக்கைக் கொண்டாந்ததும் நீ, எனக்கு நியாயம் சொல்றதும் நீயா?”

“அண்ணி கொண்டாரலம்மா! நான்தான் கொண்டாந்தேன்!”

அஸ்வினி எழுந்து நின்றிருந்தாள். கண்ணெல்லாம் அந்த டம்ளர் மேலேயே இருந்தது.

“அஸ்வினி, வேணாம்… உக்காரு…” வேணி பதறினாள்.

“உடுங்க அண்ணி! இன்னும் தனி டம்ளர்தான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? போன்ல கேக்கும்போதெல்லாம் ‘நல்லாருக்கேன், நல்லாருக்கேன்’னு…” அவள் அம்மா பக்கம் திரும்பினாள். “அம்மா, அந்த மாத்திரை என்னுது. டி.பி. எனக்குத்தான் வந்துச்சு. என் கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு அண்ணி தன் தலையில போட்டுக்கினாங்க. என்கூட படுத்துத்தான் அவங்களுக்கு ஒட்டிக்கிச்சு. என்னை வாழவச்சவங்கம்மா அவங்க! நீ அவங்களுக்கு… ஐயோ…”

சேரன் விக்கித்துப்போய் அவளையே பார்த்தான். அஸ்வினி மாமியார் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். “மறைச்சது தப்புதான் அத்தை. என்ன சொல்றதா இருந்தாலும் என்னை சொல்லுங்க.”

பிரபாவதி பேரனை மகன் கையில் கொடுத்தாள். முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள். சின்னபொண்ணுக்கு உயிரே இல்லை.

“இன்னாத்த சொல்றது? எங்க மாமனாருக்கும்தான் இருந்துச்சு. மாத்திரை தின்னாரு, எழுந்து நெல்லு மூட்டை தூக்குனாரு. மாத்திரையில போற சீக்குக்கு இவ்ளோ கூத்தாடி? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா, நானே உன்னைக் கூட்டிக்கினு போயிருப்பேன். அநியாயத்துக்கு இந்தப் பொண்ணைச் சாகடிக்கப் பாத்தீங்களே!” வேணியின் முன்னால் வந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். “எங்க வூட்டு விளக்கை ஏத்தி வச்சவ நீதாம்மா. மவராசியா இரு.”

இத்தனைக்கு அப்புறம் பிரான்சிஸுக்கு வாய் வந்தது. “ஒரு வார்த்தை உன்னைக் கேக்கலையே வேணி… புருஷன்னு நானும் பக்கத்துல இருந்தேனே…” ஆம்பிளை என்றும் பார்க்காமல் தேம்பினான். வேணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போதகர் தொண்டையைச் செருமினார். “வேற யாராவது பேசணுமா? இல்ல, பந்தியை நடத்தலாமா?”

பின்வரிசையில் யாரோ அழுகையும் சிரிப்புமாக “அல்லேலூயா!” என்றார்கள். போதகர் கிண்ணத்தை வேணியின் உதட்டில் வைத்தார். வேணி கண்ணை மூடிக் குடித்தாள். அந்தத் துளி தொண்டையில் இறங்கியபோது, கொட்டகையில் அழுத அத்தனை காலைகளுக்கும் பதில் கிடைத்துவிட்டது போல இருந்தது அவளுக்கு.

அடுத்தது சின்னபொண்ணு. போதகர் வழக்கம்போல விளிம்பைத் துடைக்கத் துணியை எடுத்தார்.

“தொடைக்காதீங்க ஐயா.”

சின்னபொண்ணு கையை நீட்டி அந்தத் துணியைத் தடுத்தாள். “தொடைக்காதீங்க. அவ வாய் வச்ச இடத்துல நான் வாய் வைக்கணும். அப்பதான் இந்தப் பாவிக்கு மன்னிப்பு.”

கிண்ணத்தைத் தானே திருப்பி, வேணி குடித்த அதே பக்கத்தில் உதட்டை வைத்துக் குடித்தாள். குடித்துவிட்டு அப்படியே மருமகளின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

“அத்தை… போதும் அத்தை, அழாதீங்க. எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல…”

“கோவப்படுடி! நாலு அறை அறைடி என்னை! பெத்த மவளுக்கு உசுரு குடுத்தவளை மூட்டையோட மூட்டையா போட்டேனே… நான் மனுஷியா?”

“அடுத்த ஆளு காத்துக்கினு இருக்காங்க. எழுந்திருங்க அத்தை.”

வேணி முதலில் எழுந்து கைகொடுத்தாள். கொட்டகையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் சின்னபொண்ணு எழுந்தாள். எழுந்தவள் விடவில்லை. பாப்பா ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. யாரும் தடுக்கவில்லை. சின்னபொண்ணு கண்ணைக்கூடத் துடைக்காமல், சபை முழுக்கத் தெரியும்படி வேணியின் கையை உயர்த்திப் பிடித்தாள்.

“எல்லாரும் நல்லா பாத்துக்குங்க… இவ என் மருமவ! என் மருமவ!”