எட்டு எண்ணும் வரை

படப்பெட்டியின் பின்புறத்து மங்கல் கண்ணாடியில் உலகம் தலைகீழாகத்தான் தெரியும். பத்தொன்பது வருஷமாக அதையே பார்த்துவந்ததில், நேராக நடக்கிற மனுஷரைவிடக் காலை மேலே வைத்துத் தொங்குகிற மனுஷரோடுதான் ஸம்சுதீனுக்குப் பழக்கம் அதிகம் என்று இரத்தினபுரிக் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. எதிர்த் தேநீர்க் கடையில் பாதிப் பேச்சு அவரைப் பற்றியது. மீதிப் பாதி, அவரே வந்து உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேசுவது.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலையில், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஒரு மாணிக்க வியாபாரியின் குடும்பத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அதில் என்ன தப்பு என்று சட்டெனப் பிடிபடவில்லை. வியாபாரி, மனைவி, நாலு பிள்ளைகள். ஆறு பேரும் முறைப்படி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஏரியும் அன்னப்பறவையும் தீட்டிய திரைச்சீலையின் ஓரத்தில், ஏழாவதாக ஒருவன் இருந்தான்.

அவன் நேராக நின்றான்.

நேராக நிற்கிறவனைக் கண்டு யாராவது பயப்படுவார்களா? ஸம்சுதீன் பயந்தார். அந்தக் கண்ணாடியில் ஒருவன் நேராகத் தெரிந்தால், வெளியே அவன் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். துணியைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தார். திரைச்சீலை ஓரத்தில் யாரும் இல்லை. மறுபடி துணிக்குள் போனார். ஆறு பேர்தான். கண்ணாடி பிளேட்டைச் சொருகி, லென்ஸ் மூடியைக் கழற்றி, வழக்கம்போல உரக்க எண்ண ஆரம்பித்தார். ஏழோடு எண்ணிக்கை நின்றுவிட்டது.

"என்ன நானா, ஏழுக்குப் பொறகு மறந்துபோச்சா?" என்றார் வியாபாரி, உதடு அசையாமல்.

ஸம்சுதீனுக்கு மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் அன்று அவர் அப்படி வியர்த்திருக்கமாட்டார்.

விஷயம் இரண்டு நாளுக்கு முந்தியது. களு கங்கை ஆற்றின் மேலே இரும்பு வளைவு போட்ட அந்தப் பாலத்தைக் கொழும்பிலிருந்து வருகிறவர்களே வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். றப்பர் தோட்டங்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிற இளவட்டங்களுக்கோ பார்த்தால் மட்டும் போதாது, ஏற வேண்டும். வளைவின் உச்சியில் வரிசையாக நின்று படம் எடுத்து, திருச்சிப் பக்கமும் மதுரைப் பக்கமும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு அனுப்பவேண்டும். இவன் தோட்டத்தில் என்ன பாடுபடுகிறான் என்று அங்கே ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். பாலத்து உச்சியில் நிற்கிறவனுக்குப் பெண் கொடுத்துவிடுவார்கள். ஏறக்கூடாது என்று சட்டம் உண்டுதான். ஆனால் பாலத்துக் காவல்காரன், நாலு வெற்றிலை கிடைத்தால், வாய் சிவக்கும்வரை அந்தப் பக்கம் திரும்பியிருப்பான்.

கரை மணலில் முக்காலியை ஊன்றி அவர்களைப் படம் பிடிப்பது ஸம்சுதீனின் வேலை. அவர் கையிலிருந்து வெளியே போன படம் ஒன்றுகூடக் கலங்கியதில்லை என்பது அவருடைய பெருமை. அதற்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். "கண்ணக்கூட திருப்பப்படாது. எட்டு எண்ணி முடியுமட்டும் மையத்து மாதிரி உசிரத்து நிக்கோணும்." மேலே ஏறுகிறவர்கள் தோட்டத்துத் துரையின் சொல்லை மீறினாலும் மீறுவார்கள், ஸம்சுதீனின் சொல்லை மீறமாட்டார்கள். படம் கெட்டால் கல்யாணம் கெடும்.

அந்த ஞாயிறு விடிய விடிய மழை. இரும்பெல்லாம் ஈரம். ஏறியவர்கள் ஏழு பேர். முதல் பிளேட்டில் ஒருவன் தும்மிவிட்டான். பாழானது. பிளேட்டுப் பெட்டியில் மிச்சம் ஒன்றுதான் இருந்தது. ஸம்சுதீன் கீழிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சட்டத்தை இன்னொரு தடவை ஓதிவிட்டு, மூடியைக் கழற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று சொல்லும்போது வரிசையின் கடைசியில், ஏற்கெனவே கல்யாணமாகி, ஊருக்கு முகம் காட்ட மட்டும் ஏறியிருந்த தேவதாசனின் கால் வழுக்கியது.

அவன் விழவில்லை. பின்னால் சாய்ந்தவனின் முழங்கால் மடிப்பு ஒரு குறுக்குக் கம்பியில் மாட்டிக்கொள்ள, தலைகீழாகத் தொங்கினான். குடுமி அவிழ்ந்து நீண்ட மயிர் கங்கையை நோக்கி இறங்கியது. மற்ற ஆறு பேரும் படப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண்ணைத் திருப்பக்கூடாதல்லவா. ஸம்சுதீன் ஒருவர்தான் கண்டார். தேவதாசனும் தொங்கியபடியே அவரைத்தான் பார்த்தான். கத்தவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை. சொன்னபடி, எட்டு வரட்டும் என்று காத்திருந்தான்.

ஸம்சுதீன் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும், பக்கத்தில் நின்றவன் காலைப் பிடித்திருப்பான்.

"நாலு," என்றார் ஸம்சுதீன்.

எட்டு எண்ணி மூடியைப் போட்ட பிறகுதான் முழங்கால் நழுவியது. ஊர்த் தலைவரான ஆராச்சி மஹத்தயா வந்து விசாரித்தபோது, படம் எடுத்து முடிந்த பிறகு, இறங்கும்போது வழுக்கியது என்றார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. மூடி போட்ட பிறகுதானே விழுந்தான். உடலை மறுநாள் கீழ்த்துறையில் மூங்கில் வேரிலிருந்து எடுத்தார்கள். பிளேட்டு மட்டும் கழுவாமல் இருட்டறையில் கிடந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், தேவதாசனின் பெண்சாதி ரோசம்மா தோட்டத்திலிருந்து நடந்து வந்து சேர்ந்தாள். ஒல்லியான பெண். கழுத்தில் செபமாலை, கால் நிறையச் சேறு. வாசல் விறாந்தையில் கிடந்த மரப்பலகை வாங்கில் உட்காரச் சொன்னதும் நுனியில் உட்கார்ந்தாள்.

"மொதலாளி, அவரு மொகம் வேற எதுலயும் இல்லீங்க. அந்தப் படத்தக் குடுத்தீங்கன்னா மாதா படத்துக்குப் பக்கத்துல வச்சிக்குவேன்."

மழை மூட்டம், படம் சரியாக வந்திருக்காது என்று ஸம்சுதீன் இழுத்தார்.

"அசையாம நின்னா வரும்னு சொன்னீங்களாம். அவரு அசைஞ்சிருக்க மாட்டாருங்க." செபமாலையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டாள். "நேரா நின்னாருங்களா?"

"நேராத்தான் நின்டான்," என்றார் ஸம்சுதீன்.

"அப்ப இருந்து வாங்கிட்டே போறேங்க."

அவள் உட்கார்ந்துவிட்டாள். எதிர்க் கடையில் தேநீர்க் கோப்பைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கழுத்துகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்பின. ஒரு மணி நேரம் போனால் ஒருவன் வந்து கேட்பான். இரண்டு மணி நேரம் போனால் ஆராச்சி வருவார். படத்தை ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பிளேட்டை அப்படியே கழுவிக் கொடுத்தால் கேள்வியே தேவையில்லை. எட்டு எண்ணி முடியுமட்டும் ஒரு மனுஷனைத் தொங்கவிட்டவர் யார் என்று அதுவே சொல்லிவிடும். ஸம்சுதீன் கண்டுபிடித்த வழி சின்னது. பிளேட்டைக் கழுவவேண்டும். பேனாக்கத்தியால் அந்த மூலையைச் சுரண்டவேண்டும். அவன் மட்டும் அசைந்துவிட்டான், பதியவில்லை என்று சொல்லவேண்டும்.

அவர் இருட்டறைக்குள் போனதும் மனைவி மஹ்மூதா வெளியே சங்கிலியை மாட்டினாள். அந்த வீட்டு வழக்கம் அது. ஒரு தடவை கோழியை விரட்டிக்கொண்டு வந்தவள் கதவைத் திறந்து பன்னிரண்டு பிளேட்டைப் பாழாக்கிவிட, அன்றிலிருந்து வெளிச்சங்கிலி. உள்ளேயிருந்து மூன்று தட்டுத் தட்டினால்தான் திறப்பாள்.

"அந்தப் புள்ள இன்னம் குந்திக்கிட்டு இரிக்கி. தண்ணிகூட வேணாமாம்," என்றாள் கதவுக்கு அப்பாலிருந்து. "கெதியாக் குடுத்து அனுப்புங்களே."

ஸம்சுதீன் கதவின் அடி இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்தார். கதவுப் பலகையில் விரல் நுனி அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. அதில் அடைத்திருந்த மெழுகை மேலும் அழுத்திவிட்டார். சிவப்புக் கண்ணாடி விளக்கை ஏற்றினார். ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரிலும் படுகிற அறை. மருந்துப் புளிப்பு, சுண்ணாம்பு ஈரம், திரி எரிகிற எண்ணெய் எல்லாம் சேர்ந்து அடிக்கிற அந்த வாடை அவருக்குப் பழகியதுதான். இன்றைக்கு அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, வெள்ளம் வடிந்த கரையில் மூங்கில் வேரில் சிக்கி நாறுகிற சேற்றின் வாடை. தன் சட்டைதான் என்று நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைத் தோய்க்கப் போட்டுவிட்டது நினைவுக்கு வந்ததும், அப்படி நினைப்பதை நிறுத்தினார்.

பிளேட்டை மருந்தில் இறக்கித் தட்டை ஆட்டினார். வானம் முதலில் கறுத்தது. கறுப்பெல்லாம் வெளுத்து, வெளுப்பெல்லாம் கறுத்துத் தெரிகிற அந்தக் கண்ணாடியில் பாலத்தின் வளைவு வெள்ளை எலும்பாக எழுந்தது. அதன்மேல் ஒருவன், இருவர், மூவர். கறுத்த முகங்கள், வெளுத்த மயிர். ஆறு பேர் அசையாமல் நின்றார்கள். ஸம்சுதீன் வரிசையின் கடைசிக்குக் கண்ணை நகர்த்தினார். இடதுகை பேனாக்கத்தியைத் தடவியது.

கம்பி இருந்தது. கம்பியில் யாரும் இல்லை.

தட்டை இன்னும் ஆட்டினார். நேரம் கொடுத்தார். கம்பி தெளிந்துகொண்டே வந்தது, அதில் பூசிய சாயம் உரிந்த இடம்கூடத் தெரிந்தது, ஆள் மட்டும் வரவில்லை. சுரண்டக்கூடத் தேவையில்லை. ஸம்சுதீன் அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிளேட்டை ஹைப்போவுக்கு மாற்றி, கைகழுவி, தாடியைக்கூட நீவிவிட்டார். இனிமேல் வெளிச்சம் பட்டாலும் பாதகமில்லை. கதவைத் தட்டப் போனவரின் கை பாதியில் நின்றது.

அசையாமல் இருந்தவன் பதியாமல் போனதில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒருவன்கூட. தேவதாசன் அசையவில்லை. அதை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

இங்கே இல்லையென்றால் எங்கே?

மூன்று தட்டுத் தட்டினார். யாரும் வரவில்லை. மசூதியிலிருந்து அஸர் பாங்கு கேட்டது. மஹ்மூதா பின்னறையில் தொழுகைப் பாயை விரித்திருப்பாள், பாதியில் எழுந்து வரமாட்டாள். இன்னும் மூன்று தட்டினார். அதில் பலகை அதிர்ந்ததோ என்னவோ, ஓட்டையிலிருந்த மெழுகு நழுவி அவர் காலடியில் விழுந்து உருண்டது.

ஒரு கோல் வெளிச்சம் அறைக்குள் வந்தது. அவருக்குப் பின்னாலிருந்த வெள்ளைச் சுவரில் தெரு வந்து விழுந்தது. முன்னறை, திறந்த வாசல், விறாந்தை, கடைத்தெரு, அத்தனையும் தலைகீழாக. இது புதிதல்ல, மெழுகு விழுகிற நாளில் எல்லாம் வருவதுதான். படப்பெட்டி செய்கிற வேலையை அறையும் செய்யும். முன்பெல்லாம் அவர் அதை நின்று ரசித்ததுண்டு. இப்போதும் பார்த்தார். மாட்டு வண்டி ஒன்று வானத்தில் சக்கரம் வைத்துப் போயிற்று. தேநீர்க் கடைக்காரர் தலை கீழே இருக்கத் தேநீர் ஆற்றினார். வாங்கின் நுனியில் ரோசம்மா தலைகீழாக உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் ஒருவன் நேராக நின்றான்.

ஸம்சுதீன் தட்டினார். மூன்று இல்லை, எத்தனை என்று தெரியாமல் தட்டினார். ரோசம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. சுவரில் இருந்தவன் வாங்கைவிட்டு நகர்ந்திருந்தான். நடக்கவில்லை. கால் அசையவில்லை. முன்பு விறாந்தையில் இருந்தான், இப்போது முன்னறையில். ஒரு சாண் உயரம் இருந்தவன் ஒரு முழமானான். ரோசம்மா ஒன்றையும் பார்க்காமல் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு முழம்.

ஓட்டையை அடைக்கலாம். மெழுகைத் தேடிக் குனிந்தார். குனிந்த கண்ணுக்கு நேரே, கதவின் அடியில் திணித்த சாக்கு மெல்ல வெளியே போய்க்கொண்டிருந்தது. யாரோ அவசரமில்லாமல் இழுப்பதுபோல. சாக்கின் கடைசி நூலும் போயிற்று.

வருகிறவருடைய பாதம் தெரியவேண்டிய இடுக்கு அது. பாதம் தெரியவில்லை.

நனைந்த மயிர் உள்ளே வந்தது. நீளமாக. தரையைத் தடவிக்கொண்டு. அதன் நுனியில் சேறு. அதற்கு மேலே, கதவுப்படியோடு ஒட்டினாற்போல், ஒரு நெற்றியின் வளைவு.

ஸம்சுதீன் பின்னால் போனார். ஒரே அடிதான். முதுகு சுவரில் இடித்தது. திரும்பினார். சுவர் நிறைய அவன் இருந்தான். அவருடைய உயரம். நேராக. முகத்துக்கு நேரே முகம். இமைக்காத கண். அவர் பிளேட்டில் தேடிய முகம் அதுதான். ஒரு மயிரிழை கலங்கவில்லை. அப்படித் தெளிவான படத்தை அவர் வாழ்நாளில் எடுத்ததில்லை.

கீழேயிருந்து, கதவின் இடுக்கிலிருந்து, அந்தக் குரல் வந்தது. மரியாதையான குரல்.

"அசையாதீங்க மொதலாளி. ஒண்ணு."

ஸம்சுதீன் அசையவில்லை.

"ரெண்டு. மூணு."

சிவப்பு விளக்கு அணைந்தது. சுவரில் முகம் போகவில்லை.

"நாலு."

கால் மரத்தது. மூச்சு வெளியே போகவில்லை. எட்டு வந்துவிடும். எட்டு வந்தால் முடிந்துவிடும். எண்ணிக்கை அப்படித்தான், அவரே வைத்த சட்டம்.

"அஞ்சு. ஆறு."

தெருவில் யாரோ சிரித்தார்கள். தேநீர்க் கோப்பை ஒன்று வைக்கப்பட்டது. முன்னறைக்கு அப்பால் விறாந்தையில் ரோசம்மாவின் செபமாலை மணி ஒன்று நகர்ந்தது.

"ஏழு."

ஸம்சுதீன் காத்திருந்தார். இமைக்காமல். மையத்து மாதிரி. ஈர மயிர் அவருடைய குதிகாலைத் தொட்டு, அங்கேயே தங்கியது. சுவரில் இருந்தவனும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். கங்கையின் இரைச்சல் அறைக்குள் கேட்டது, தலைக்குக் கீழே எவ்வளவோ ஆழத்திலிருந்து.

எட்டு வரவில்லை.