அடி வாங்கிய இரும்பு

செலியமேட்டில் அம்மன் கோயில் கொடியேற்றம். அதிர்வேட்டுக்குத் திரி பற்ற வைத்ததும் ஊரே காதைப் பொத்திக்கொண்டது.

டமார்!

கூடவே ஓர் அலறல்...

புகை விலகியபோது வேட்டுக்காரன் இருசப்பன் பிணமாகக் கிடந்தான். அடுத்த வாரம் ஒரு லாரி விபத்து கேஸில் சாட்சி சொல்ல வேண்டியவன். வேட்டு போடும் இரும்புக்குழாய் சுக்குநூறாகியிருந்தது.

பொழுது சாய்வதற்குள் முத்துக்குமரனைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. குழாயில் மருந்து கெட்டித்தவன் அவன்தான். அளவுக்கு மேல் அடைத்துவிட்டானாம்.

அவன் அக்கா ஜெயசித்ரா அதை நம்பவில்லை. டவுன் கல்லூரியில் எக்ஸ்ரே மெஷினில் உலோகங்களைச் சோதிப்பது அவள் வேலை.

விழாக் கமிட்டித் தலைவர் கலைவேந்தன் வீடு தேடி வந்தார். இதுவரை அந்தத் தெருப்பக்கமே எட்டிப் பார்க்காதவர்!

"உன் தம்பி மேல தப்பு இல்லம்மா. எங்கப்பா காலத்துக் குழாய், வெடிச்சிடுச்சி. இந்தா, சேத்துல கெடந்த துண்டு. மெஷின்ல வச்சிப் பாரு. பழசுன்னு தெரிஞ்சா கேஸ் முடிஞ்சிது."

இவருக்கு ஏன் இவ்வளவு கரிசனம்?

ஜெயசித்ரா நேராக ஸ்டேஷனுக்குப் போய், போலீஸ் பொறுக்கிய துண்டில் ஒன்றைக் கேட்டாள்.

எஸ்.ஐ. மணிவண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "தம்பியக் காப்பாத்த கதை கட்டப் போறியா?"

"கூடவே வந்து பாருங்க சார்."

வந்தார். கல்லூரி மெஷினில் அவள் இரண்டு துண்டுகளையும் வைக்க, கண்ணை எடுக்காமல் நின்றார்.

இரும்புக்குள் அணுக்கள் வரிசை கட்டி நிற்கும். அதிர்ச்சியில் அடி வாங்க வாங்க வரிசை குலையும். இரும்பின் உறுதியும் ஏறும். எக்ஸ்ரேயில் கோடு எவ்வளவு அகலமோ, அவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

தலைவர் கொடுத்த துண்டில் கோடு அகலம்.

போலீஸ் துண்டில்... நூல் மாதிரி மெலிசு!

ஜெயசித்ரா இரண்டையும் மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே கோடுகள்.

"ஒரே குழாய் எப்டிம்மா ரெண்டு விதமா காட்டும்?"

"ஒரே குழாய் இல்ல சார். வெடிச்சது புதுசு, ஒரே ஒரு அடிதான் வாங்கியிருக்கு. துருவேத்திப் பழசாட்டம் வச்சிருக்காங்க. தலைவர் குடுத்ததுதான் வருஷக்கணக்கா வேட்டு போட்ட நெஜக் குழாய். அது வெடிக்கவே இல்ல."

"அப்ப அது எங்க?"

"குடுத்தவரக் கேளுங்க."

கலைவேந்தனின் மாட்டுக்கொட்டகையில், வைக்கோலுக்கு அடியில் கிடைத்தது பழைய குழாய். வாயோரம் மட்டும் அறுபட்டிருந்தது. ஜெயசித்ரா துண்டை வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அந்தக் குழாயின் இடத்தில், வெடிக்கட்டுமென்றே உள்ளே கடைந்து மெலிதாக்கிய புதுக் குழாயைக் கலைவேந்தன் வைத்திருக்கிறார். இருசப்பன் சாட்சி சொல்ல இருந்தது இவருடைய லாரிக்கு எதிராகத்தான்!

முத்துக்குமரனை வெளியே விடச் சொல்லி மணிவண்ணன் ஸ்டேஷனுக்கு போன் போட்டார்.

கலைவேந்தன் முனகினார். "வெறும் இரும்பும்மா... அது இன்னாத்த சொல்லிடப் போவுது?"

"ஒரு சாட்சியக் கொன்னீங்க தலைவரே. இன்னொரு சாட்சிய நீங்களே அறுத்துக் குடுத்துட்டீங்க!"